கடலுக்கு முதுகு காட்டி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்பளவில் நலம், மற்றதைக் கீழே படித்துத் தெரிந்துகொள். நீயும் மாப்பிள்ளையும் மனசளவிலும் நலமாக இருக்க வேண்டும், இப்போது நம் வீட்டில் பெரிய வேண்டுதலே அதுதான். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நம் வீட்டுச் சுவர் உனக்குத் தெரியாததா, இந்த அறையில் தும்மினால் அந்த அறையில் மூக்கைத் துடைத்துக்கொள்ள வேண்டும். உன் தம்பி காதில் விழாமல் அவனைப் பற்றிப் பேச எனக்கு இருக்கிற ஒரே இடம் என் ஸ்கூல் வேன்தான். பிள்ளைகள் வெளியே வருகிற வரைக்கும் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தி, ஸ்டியரிங் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறினது மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள், மேஜை போட்டுக் கொடுத்தாலும் பத்தாவதை இரண்டு தடவை எழுதினவன் கையெழுத்து இவ்வளவுதான்.

பீச்சுக்குக் கூட்டிப் போனீர்களா, தம்பி எப்படி இருக்கிறான் என்று விடாமல் கேட்கிறாய். வேலை போனதிலிருந்து அவன் அறையை விட்டு அவ்வளவாக வருவதில்லை, சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கு வெளியேதான் வைக்கிறோம் என்று முன்னமே சொல்லியிருக்கிறேன். டாக்டர் மாத்திரையோடு கொஞ்சம் காற்றாடக் கூட்டிப் போகச் சொன்னார். நீயும் சொன்னாய், சின்ன வயசில் அவனைக் கடலிலிருந்து இழுத்து வர இரண்டு ஆள் வேண்டுமே அப்பா, அங்கே கொண்டுபோய் விடுங்கள், தானாகத் தெளிவான் என்று. எனக்கும் அது வேதவாக்காகப் பட்டது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனைக் கழுவி எடுத்தேன். உன் அம்மா, அத்தை, பக்கத்து வீட்டு டைலர் எல்லோரும் ஏறினார்கள், பொடிப் பிள்ளைகளுக்கான சீட் என்பதால் முழங்கால் தாடையில் இடிக்க ஒடுங்கி உட்கார்ந்து வந்தார்கள். அம்மா அவன் கதவுக்கு வெளியே உட்கார்ந்து அழுததால் அவனும் வந்தான், கடைசி சீட்டில் உட்கார்ந்தான். அங்கே போய்ச் சேர்ந்ததும் இறங்கமாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டான். சரி, இறங்காவிட்டால் என்ன, இருந்த இடத்திலிருந்தே பார்க்கட்டும் என்று வேனைத் திருப்பி, பின்பக்கமாகவே மணல் வரை கொண்டுபோய் நிறுத்தினேன். பின் கண்ணாடி முழுக்கக் கடல். நமக்குக்கூட மூளை இருக்கிறதே என்று எனக்கே ஆச்சரியம்.

பீச்சில் ஒவ்வொருத்தரும் ஒரு தினுசு அம்மா. உன் அம்மாவுக்கு மணல் ஆகாது, உப்புக்காற்றில் தலை பிசுபிசுக்கும், எப்போது கிளம்பலாம் என்று போனதுமே கேட்பாள். அன்றைக்கு எல்லோர் செருப்பையும் சேர்த்து வைத்துக்கொண்டு கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். இத்தனை பெரிய கடல் இருக்க நீ செருப்பைக் காவல் காக்கிறாயே என்றேன், கடலை யாரும் தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள், செருப்பைத்தான் தூக்குவார்கள் என்றாள். உன் அத்தைக்குக் கடல் என்றால் உயிர், ஆனால் கணுக்காலுக்கு மேல் நனையக்கூடாது. ஒவ்வொரு அலையும் அவள் பார்க்காத நேரமாகப் பார்த்து முதுகில் அடித்தது, ஒவ்வொரு தடவையும் புதுசாக அலறினாள். டைலர் பேண்ட்டை இரண்டு காலிலும் ஒரே அளவாக மடித்துவிட்டு ஈர மணலில் பின்பக்கமாகவே நடந்துகொண்டிருந்தார், அது மூட்டுவலிக்கு நல்லதாம். நடந்து நடந்து ஏதோ குழந்தை கட்டின மணல் கோட்டையை மிதித்து, அதன் அம்மாவிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டார். என்னைப் பொறுத்தவரை பீச் என்பது வாடகை இல்லாத படுக்கை. பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு மல்லாந்துவிட்டேன்.

கிளம்புகிறபோது வேன் அசையவில்லை. பின் சக்கரம் இரண்டும் மணலில் புதைந்துவிட்டது. வயசான டிரைவர் இப்படிச் செய்தான் என்று மாப்பிள்ளையிடம் சொல்லாதே. மூன்று பேரும் பின்னால் நின்று தள்ளினார்கள், செருப்புக் காவல்காரியும்தான். அப்போது உன் தம்பி தானாக இறங்கினான். யாரும் கூப்பிடவில்லை. தோளைக் கொடுத்தான், வேன் ஒரே உந்தில் வெளியே வந்தது. பலே தம்பி, நீ இருந்தா கிரேனே வேணாம்ப்பா என்று டைலர் கை தட்டினார். உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளை திரும்பி வந்துவிட்டான் என்று நானும் நினைத்தேன். பாதி வழியில் கடைசி சீட்டிலிருந்து பேசினான். கோபமாக இல்லை, வழி கேட்டவனுக்கு வழி சொல்கிற மாதிரி சொன்னான். "இனிமே என்னை எங்கயும் கூட்டிட்டுப் போகாதீங்கப்பா. எல்லாரும் என்னையேதான் பாத்துட்டு இருந்தீங்க. ஒருத்தர்கூட கடலைப் பாக்கல."

யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை. உன் அம்மா எதற்குக் கடலுக்கு முதுகு காட்டினாள், வேன் அந்தப் பக்கம் அல்லவா நின்றது. அத்தை முதுகில் அலை அடித்ததும் அதனால்தான், டைலர் பின்பக்கமாக நடந்ததும் அதனால்தான். பேப்பருக்கும் மூக்குக்கும் நடுவில் இருந்த சந்து வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தது அவன் உட்கார்ந்திருந்த கண்ணாடியை. அவன் அதைச் சொன்னபோதுகூட நான் ரோட்டைப் பார்க்கவில்லை, தலைக்கு மேல் இருக்கிற கண்ணாடியில் அவன் முகத்தைத்தான் பார்த்தேன், அவனும் அதைப் பார்த்துவிட்டான்.

அதற்கப்புறம் கதவு இன்னும் இறுக்கமாகிவிட்டது. முன்பெல்லாம் நான் டிவி பார்க்கும்போது வந்து சுவரோரம் நிற்பான், அதுவும் நின்றுபோயிற்று. தட்டு பாதிச் சாப்பாட்டோடு திரும்புகிறது. டாக்டர் மாத்திரையை மாற்றியிருக்கிறார், பார்க்கலாம் என்கிறார், அவர் முகத்திலும் தெம்பு இல்லை. சரியாகிவிடுவான் என்று எழுதத்தான் ஆசை, பேனா ஓடமாட்டேன் என்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் போனேன். எங்களில் ஒருத்தனாவது கடலைப் பார்த்தான் என்று இருக்கட்டும் என்றுதான் போனேன். வேனை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு (அவ்வளவு புத்தி வந்திருக்கிறது) தண்ணீர் பக்கம் முகம் வைத்து உட்கார்ந்தேன். எப்போது திரும்பினேன் என்று தெரியவில்லை அம்மா, இருட்டுகிற நேரத்தில் பார்த்தால் கடலைப் பின்னால் விட்டுவிட்டு வேனின் காலியான கடைசி சீட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இனி புதிதாக எந்த வைத்தியமும் சொல்லாதே. போன் பண்ணினால் எடுத்ததும் அவனைப் பற்றிக் கேட்காதே, உன் ஆபீஸ் கதையைச் சத்தமாகச் சொல், சுவர் வழியாக அவன் கேட்டால் கேட்கட்டும். இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே, குளிருக்குக் காதை மூடிக்கொள். உங்கள் ஊர்ப் பக்கமும் கடல் இருக்கிறது என்றாயே, மாப்பிள்ளையோடு போகிற அன்றைக்கு எங்களை நினைக்காமல் கொஞ்ச நேரம் அதை நேராகப் பார். எங்களுக்குத்தான் அது வரவில்லை. உங்கள் இரண்டு பேர் வாழ்க்கையும் குறை இல்லாமல் இருக்கட்டும். மணி அடித்துவிட்டது, பிள்ளைகள் ஓடி வருகிறார்கள், கடைசி சீட்டுக்குத்தான் எப்போதும் சண்டை.

ஆசியோடு,
உன் வேன்கார அப்பா