நாற்பத்தாறு கிலோ

நேற்று மாலை நம் மகள் உன் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தாள். உன் பச்சை ஜாக்கெட்டைப் போட்டுப் பார்க்க அவளுக்கு ஆசை, கையே நுழையவில்லை. "இன்னா நைனா, நானும் அம்மா சைஸுதானே? இவ்ளோ சின்னதா கீது?" என்று அதை உள்பக்கம் திருப்பி என் மடியில் போட்டாள். விலாப்பக்கம் நான்கு தையல் கோடுகள். பழைய தையலுக்கு உள்ளே ஒன்று, அதற்கும் உள்ளே இன்னொன்று, அப்படி நான்கு. மற்ற ஜாக்கெட்டுகளையும் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே கதைதான். நீ போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

உனக்கே தெரியும், எனக்கு எடைதான் பிழைப்பு. மணலி சாலையில் அந்த லாரி எடை மேடையில் உட்கார்ந்து தலை நரைத்துவிட்டது. டிரைவர் வண்டியை விட்டு இறங்காமல் எடை போட மாட்டேன். கொஞ்சம் கூட்டிப் போடு, கொஞ்சம் குறைத்துப் போடு என்று கெஞ்சினவன், மிரட்டினவன் எல்லாரையும் பார்த்தாயிற்று. ஒரு கிலோ மாற்றியதில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு.

கல்யாணமான புதிதில் ஒருநாள் எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அங்கே வந்தாய். அப்போது பஞ்சு ஏற்றிய லாரி ஒன்று, தார்ப்பாய் பிதுங்கப் பிதுங்க வந்து நின்றது. அதன் பின்னால் ஒரு டிரெய்லர். நடுவில் ஒரே ஒரு கிரானைட் கல். சுற்றிலும் நான்கு பேர் படுத்துத் தூங்கலாம், அவ்வளவு இடம் காலி. எது கனம் என்று கேட்டேன். நீ பஞ்சைக் காட்டினாய். இரண்டு எண்ணையும் பார்த்ததும் வாயில் கை வைத்தாய்.

"இம்மாம் பெரிய லாரில ஒண்ணுமே இல்லியே! அந்த ஒத்தக் கல்லா இத்தினி கனம்?"

"எடத்த அடைக்கிறது வேற, கனக்கிறது வேறமே."

"அப்போ நான் இன்னா? பஞ்சா, கல்லா?"

கல்லுதான் என்றேன். டிபன் கேரியர் மூடியால் மண்டையில் ஒன்று வைத்தாய். வரிசையில் நின்ற டிரைவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

அப்புறம் உன் வயிற்றில் அந்தக் கட்டி வந்தது. எலுமிச்சம்பழம் அளவுதான் என்றார் டாக்டர். உள்ளங்கைக்குள் அடங்குகிற இடம். அது உன்னிடமிருந்து கிலோ கிலோவாகப் பிடுங்கிக்கொண்டது. செவ்வாய்க்கிழமைதோறும் ஆஸ்பத்திரியில் உன்னைத் தராசில் ஏற்றுவார்கள். நீ சுவரைப் பார்த்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். எண் உன் முதுகுக்குப் பின்னால் தெரியும். நர்ஸ் எழுதிக்கொண்டு போய்விடுவார். நீ என்னைத்தான் கேட்பாய், "இன்னா காட்டுது?" என்று. நாற்பத்தாறு வரைக்கும் உண்மையைச் சொன்னேன். அதற்குக் கீழே போனதும் எனக்கு வாய் வரவில்லை. அடுத்த வாரமும் நாற்பத்தாறு என்றேன். அதற்கடுத்த வாரமும் அதேதான்.

"இன்னாயா, ஆஸ்பத்திரி மிஷினு மாட்டிக்கிச்சா? வாரா வாரம் அதே சொல்ற?" என்று சிரித்தாய். நானும் சிரித்து வைத்தேன்.

அதே நாட்களில்தான் நான் வேலை விட்டு வரும்போதெல்லாம் நீ தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாய். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒடம்பு கீற லட்சணத்துல ஆர்டரு வேறயா? யாருக்குத் தைக்கிற?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கு என்றாய். ஒருநாள் ஆத்திரத்தில் மெஷின் பெல்ட்டைக் கழற்றிப் பரண்மேல் போட்டேன். நேற்றுப் பார்த்தேன், மூன்று கோடுகள் மெஷின் தையல். நான்காவது மட்டும் கைத்தையல்.

ஜாக்கெட் தொளதொளவென்று தொங்கினால் எனக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்திருக்கிறாய். நானும் ஏமாந்தேன். துணி உடம்போடு ஒட்டித்தானே இருக்கிறது, ஆஸ்பத்திரித் தராசுதான் சரியில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். எடையே தொழிலாக இருக்கிறவன், கண்ணெதிரே தெரிந்த எண்ணை நம்பாமல் உன் ஜாக்கெட்டை நம்பினேன். கனத்தை நான் மறைத்தேன். நீ அடைத்த இடம் குறைந்துகொண்டே போனதை நீ மறைத்தாய். ஒரே அறையில் இருந்துகொண்டு இப்படி ஒரு குடித்தனம் நடத்தியிருக்கிறோம்.

கடைசி வாரம் ஆம்புலன்ஸ் வந்தது. நம் ஹவுசிங் போர்டு படிக்கட்டில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது. மூன்றாம் மாடியிலிருந்து உன்னை நானே தூக்கிக்கொண்டு இறங்கினேன். முதல் திருப்பத்தில் என் காதோரம் கேட்டாய்: "இன்னாயா, மூச்சே வாங்கல உனுக்கு?"

அடுத்த படியிலிருந்து வேண்டுமென்றே இரைக்க ஆரம்பித்தேன். இரண்டாம் மாடியில் நின்று, "அப்பாடா, இன்னா கனம் கனக்கிறமே!" என்றேன். நீ என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாய்.

"இப்போ சொல்லு. எத்தினி கிலோ கீறேன்?"

"நாப்பத்தாறு."

"சரி" என்று கண்ணை மூடிக்கொண்டாய். அதன் பிறகு நீ என்னிடம் எதையுமே கேட்கவில்லை. நான்காம் நாள் போய்விட்டாய்.

அது விளையாட்டுக் கேள்வி இல்லை என்று நேற்றுதான் எனக்கு உறைத்தது. உனக்குத் தெரிந்ததை என் வாயால் ஒரு தடவை சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்கலாம். அதற்குத்தான் கேட்டிருக்கிறாய். நான் உன்னைத் தனியாகவே பயப்பட விட்டுவிட்டேன். இதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

இன்னமும் மேடைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். டிரைவர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று "இன்னா காட்டுது நைனா?" என்று கேட்கிறார்கள். உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். ஊரில் இருக்கிறவனுக்கெல்லாம் சொன்னேன், உனக்குத்தான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்மே, கேட்டுக்கொள். முப்பத்து மூன்று கிலோ இருநூறு கிராம்.