பெட்டியிலிருந்து நான் எடுத்த கத்தி

25-10-1968, வெள்ளி

பெரிய பேரன் ரயில்வேயில் கிளார்க். பேத்தி செம்பாக்கத்தில் டீச்சர். சின்னவன் குமார் காட்டிலாகா பயிற்சிக்குத் தேர்வானவன். எங்கள் தெருவிலேயே அவன் ஒருவன்தான்.

இன்று அவன் கடிதம் வந்தது. பயிற்சி முகாமுக்குப் பக்கத்து ஓடையில் திடீர் வெள்ளமாம். கூடாரக் கயிறு அவன் காலைச் சுற்றி இழுத்ததாம். கூட்டாளி கத்தியோடு வந்து அறுப்பதற்குள் எலும்பு முறிந்துவிட்டதாம்.

"அவன் பெட்டியில நான் வெச்ச கத்தி எங்க போச்சு அத்தை?" என்றாள் மருமகள்.

"நான்தான் எடுத்தேன். ஊருக்குப் போற புள்ளைக்குக் கத்தி குடுத்தா உறவு அறுந்துடும்மா. பதிலா எலுமிச்சம்பழம் வெச்சேன்."

"எலுமிச்சம்பழம் கயிறு அறுக்குமா?"

கத்தியைத் தானே மறந்துவிட்டதாக அவன் எழுதியிருக்கிறான். அதுதான் தாங்கவில்லை. நீ மறக்கவில்லையடா, நான்தான் எடுத்தேன் என்று நாளைக்கு எழுதிவிட வேண்டும்.

குமாரா, கட்டுப் பிரித்ததும் எழுந்து நின்று ஒரு புது போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு.