வலப்பக்கத்துக் கள்ளனுக்கு

மாப்ள,

பாஸ்கா நாடகத்துக்குக் கயிறு எடுக்க இன்று காலை கோயில் பின்னறையைத் திறந்தார்கள். பழைய தேங்காய் நார்க் கயிற்றின் மக்கிய வாடை மூக்கில் ஏறியதும் நீ வந்து நின்றாய். முழங்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். ஒத்திகையில் சிலுவையோடு கட்டிக் கட்டியே தவக்காலம் முழுக்க நம் இருவருக்கும் ஒரே இடத்தில்தானே தோல் உரிந்திருக்கும்!

நடுச்சிலுவையில் சேசுநாதர். வலப்பக்கம் நீ, மனந்திரும்பி மோட்சம் போகிற கள்ளன். இடப்பக்கம் நான், கடைசி மூச்சுவரை நக்கலடித்துச் சாகிற கள்ளன். ஊருக்கு அது பெரிய வேடிக்கை. "பூசைக்குத் தவறாதவன இடப்பக்கம் கட்டிட்டு, சாராயத்துல கெடக்குறவன மோட்சத்துக்கு அனுப்புறாரு அண்ணாவியாரு" என்பார்கள். நாடகம் பழக்குகிறவர் அவர்தானே, யார் கேட்க முடியும்? நீயோ, "கொரலு இருக்கிறவனுக்குத்தான்டா மோட்சம்" என்பாய். கையைக் கட்டி ஏற்றிய பிறகு, "மாப்ள, மூக்கு அரிக்குதுடா" என்று என்னைச் சிரிக்க வைத்துத் திட்டு வாங்கிக் கொடுப்பாய், படுபாவி.

கடைசியாக நீ ஏறிய வருஷம் வசனம் மறந்துபோய்த் தொங்கினாய். அண்ணாவியார் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுக்கிறார், உன் காதில் விழவில்லை. நடுச்சிலுவையைப் பார்த்து, "சாமி, எங்கிட்ட நல்லதுன்னு ஒண்ணுமில்ல. இருந்தாலும் என்னைய விட்டுட்டுப் போயிராதீங்க" என்றாய். கீழே பெண்கள் ஓவென்று அழுதுவிட்டார்கள். இறங்கியதும் அண்ணாவியார் குதித்தார். "பாட்டா எழுதுனத மாட்டுச்சந்தைப் பேச்சாக்கிட்டியேடா!"

அந்த ஐப்பசியிலேயே காமாலையில் படுத்தாய். பங்குச் சாமியார் இலுப்பூருக்கு அப்பால் ஏதோ ஊருக்குப் பூசை வைக்கப் போயிருந்தார். அடைமழை. சாகுமுன் உன் பாவங்களைக் கேட்டு மன்னிப்புக் கொடுக்க அவரை அழைத்துவர ஆள் அனுப்பிவிட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"பாவசங்கீர்த்தனம் பண்ணாமப் போறேனே மாப்ள. ஒரு நல்ல காரியம் செஞ்சவனில்ல. மேல என்னைய யாருடா சேப்பா?"

"சாமியாரு வந்துருவாருடா, பேசாமப் படு."

"அன்னைக்கு மேடையில சொன்னது நடிப்பில்லடா" என்றாய்.

எனக்கு வேறு என்ன தெரியும்? "அப்ப அதையே திருப்பிச் சொல்லு" என்றேன்.

சொன்னாய். அப்புறம் நீ பேசவேயில்லை.

சாமியார் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தபோது உனக்குக் கோடித் துணி போர்த்தியாகிவிட்டது. வாசலில் பெண்கள், "சங்கீர்த்தனம் இல்லாமப் போயிட்டானே, கரையேறுவானா" என்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். உன் பெண்சாதி அதைக் கேட்டுச் சுவரோடு சுவராக ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். கடைசியில் நீ என்ன சொன்னாய் என்று சாமியார் என்னைக் கேட்டார். நீ சொன்னதை அப்படியே சொன்னேன்.

அவர் அந்தப் பெண்கள் பக்கம் திரும்பி, "சேசுவோட தொங்குன நெசமான அந்தக் கள்ளனுக்கு எந்தச் சாமியார் போனாரம்மா? அவன் என்ன புண்ணியம் சேர்த்து வச்சிருந்தான்? நம்பினான், அவ்வளவுதான். போய் இவனுக்கும் கோயில்ல துக்க மணிய அடிக்கச் சொல்லுங்க" என்றார். மணிச் சத்தம் கேட்ட பிறகுதான் உன் பெண்சாதி வாய்விட்டு அழுதாள்.

உனக்கு வழி கிடைத்தது, மாப்ள. தனியாகிப் போனது நான்தான். வலப்பக்கத்தில் இப்போது ஒரு பள்ளிக்கூட வாத்தியார் தொங்குகிறார். ஒரு சொல் பிசகாது. ஒத்திகை முடிந்ததும் துண்டை உதறிக்கொண்டு போய்விடுவார். மூக்கு அரித்தால் சொல்வதற்கு எனக்கு ஆளில்லை. பூசைக்குப் போகிறேன், ஒருசந்தி விரதம் இருக்கிறேன், எல்லாம் சரிதான். ஆனாலும் கையைக் கட்டி மேலே ஏற்றிவிட்டால் அதெல்லாம் எங்கே போகிறதென்றே தெரிவதில்லை.

வருகிற பெரிய வெள்ளிக்கும் அதே நக்கல் வசனத்தைத்தான் பேசப் போகிறேன். அதை மாற்ற அண்ணாவியார் விடமாட்டார். பேசி முடித்துச் செத்தவனாகத் தலையைத் தொங்கப் போட்டதும், வருஷா வருஷம் சொல்வதை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்வேன்.

"சாமி, எங்கிட்டயும் ஒண்ணுமில்ல. என்னையும் விட்டுட்டுப் போயிராதீங்க. அவன் பக்கத்துலயே கட்டிப் போடுங்க."