அண்ணி நின்ற மூலை

மொன்றியல்,
12.01.2008

அன்புள்ள அம்மாவுக்கு,

அந்தோனியார் துணையால் நான் சுகம். உங்கள் முழங்கால் நோவும் அப்பாவின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

புதுவருடத்துக்கு அமெரிக்காவில் கொட்வின் அண்ணன் வீட்டில் நின்றேன். அண்ணி தன்னை ஊர்முன்னால் அவமானப்படுத்தியதாக அண்ணன் உங்களுக்குப் போன் எடுத்தாராம். நடந்ததை நான் எழுதுகிறேன்.

அண்ணன் இருக்கும் அயோவா மாநிலத்தில், தங்கள் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரைத் தெரிவுசெய்ய, அண்ணன் அண்ணியின் கட்சிக்காரர் பள்ளிக்கூடத்தில் கூடினார்கள். நான் ஓரமாக இருந்து பார்த்தேன். வாக்குச்சீட்டு இல்லை; விரும்பிய வேட்பாளரின் மூலையில் எல்லாரும் பார்க்கப் போய் நிற்கவேண்டும். சஜிதா அண்ணி ஒரு மூலையில் நின்றார்; அண்ணன் வேறொரு மூலையில்.

"என்ர மனுசி என்ர பக்கம்தான் நிக்கவேணும்" என்று அண்ணன் அவரைக் கையில் பிடித்து இழுத்துப் போனார். அவமானப்பட்டது யார், சொல்லுங்கள்?

அப்படியும் அண்ணனின் மூலையில் ஆள் போதவில்லை. ஆள் போதாத மூலை கலைந்து, வேறு மூலைக்குப் போகலாம் என்பது விதி. அண்ணி கையை உதறினார்.

"நான் முதல் நிண்ட இடத்துக்குப் போறன். விருப்பமெண்டால் வாங்கோ."

அந்த மூலைக்காரர் கட்சியின் மாவட்ட மாநாட்டுக்கு அண்ணியையே பிரதிநிதியாகத் தெரிந்தெடுத்தார்கள். பின்னால் வந்த அண்ணனும் அவருக்குக் கையுயர்த்தினார்! அதைச் சொன்னாரா?

கடிதம் கிடைத்த அன்றே அண்ணியோடு கதையுங்கள்.

இங்கே ஜான்-டலோன் சந்தையில் வாங்கும் மிளகாய்த்தூள் உறைப்பதில்லை; கொஞ்சம் அனுப்புங்கள். தமிழ்ப் பேப்பரிலேயே சுற்றுங்கள், வாசிக்கலாம்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

மகள்
நிறோமி

பி.கு.: மார்ச்சில் அண்ணி மாநாட்டுக்குப் போகும் நாளில் அண்ணன்தான் சமைத்துப் பிள்ளைகளைப் பார்க்கவேண்டும். அவருடைய அவமானம் அதுதான்.