கண்ணாடி உடுத்திய எலுமிச்சை

டிசம்பர் 9

இவ்வளவு நேரம் கழித்து விளக்கைப் போட்டு எழுதுவதற்கு மன்னிக்கணும். யாரிடம் கேட்கிறேன்? இந்த நோட்டிடம்தான். பகலில் பாப்பா விடுவதில்லை. தூங்கின பிறகு மூச்சு சீராக வருகிறதா என்று குனிந்து குனிந்து பார்ப்பதிலேயே என் நேரம் போய்விடுகிறது.

அண்ணி இன்று மகன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். என் வீட்டுக்காரரின் அக்கா, பக்கத்துப் போர்ஷன், வாய் கொஞ்சம் ஜாஸ்தி. பின்பக்கத் தோட்டத்து எலுமிச்சை அவர் வைத்தது. திட்டித் திட்டியே வளர்த்தார். 'தண்டச்சோறு' என்றுதான் அதைக் கூப்பிடுவார். இந்த வருடம்தான் முதல்முறையாகக் காய்த்திருக்கிறது — கோலிக்குண்டு அளவில், பச்சைப் பச்சையாக. பெட்டியைத் தூக்கிக்கொண்டே சொன்னார்: "இந்த மலையில பனி இறங்குனா சின்ன மரம் தாங்காதும்மா. உன் புள்ளயப் பாத்துக்கற மாதிரி இதையும் பாத்துக்க."

டிசம்பர் 11

மரத்தைப் போர்த்திவிட்டேன். பிளாஸ்டிக் ஷீட், மேலே ஒரு பழைய போர்வை, சுற்றிலும் கயிறு. காற்றுகூடப் புகாது. பாப்பாவுக்கு இரண்டு ஸ்வெட்டர், தொப்பி, காலுறை. இருவரையும் பார்க்கத் திருப்தியாக இருந்தது.

டிசம்பர் 12

பகலில் நல்ல வெயில். பிரித்துவிடவா? குளிர் எங்கேயோ ஒளிந்துகொண்டு, நான் பிரிக்கட்டும் என்று காத்திருப்பது போலவே தோன்றுகிறது. பிரிக்கவில்லை.

டிசம்பர் 14

பாப்பா உடம்பெல்லாம் சிவப்பாகப் பொரிப்பொரியாக. பயந்து தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மா ஒவ்வொரு துணியாக உரித்துவிட்டுச் சிரித்தார். "பனிக்காலத்துல வேர்க்குரு வரவச்ச முதல் அம்மா நீதான். இதென்ன புள்ளயா, வெங்காயமா? இத்தனை தோலு! கழட்டு, மூச்சு விடட்டும்."

அந்த வார்த்தை முடியும்போதே எனக்கு மரம் ஞாபகம் வந்துவிட்டது.

வந்ததும் கயிற்றை அவிழ்த்தேன். உள்ளேயிருந்து குப்பென்று சூடு, வேகவைத்த கீரை வாசனை. பிளாஸ்டிக் ஒட்டிக் கிடந்த இலையெல்லாம் கருகியிருந்தது. பகல் வெயிலில் வெந்தது பாதி. ராத்திரி பிளாஸ்டிக் வழியாகவே இறங்கின குளிரில் போனது பாதி. பனி இல்ல. நான்தான். நானேதான் செஞ்சேன். நடுக்கொப்பில் இருந்த காய்கள் மட்டும் தப்பித்திருக்கின்றன.

அண்ணிகிட்ட என்னன்னு சொல்லுவேன்? கடலுக்கு நடுவில் எண்ணெய்த் தளத்தில் இருக்கும் இவரிடம் போனில் அழுதேன். "அக்காகிட்ட நான் பேசிக்கறேன்" என்றார். வேண்டாம் என்றுவிட்டேன்.

டிசம்பர் 17

ரேடியோவில் சொன்னார்கள்: நாளை விடியற்காலை கடும் உறைபனி. காற்றே இருக்காதாம். போர்வை துவைத்துக் காயாமல் கிடக்கிறது. பிளாஸ்டிக்கை இனித் தொட மாட்டேன். மீதமிருக்கும் காயும் போனால் மரமும் போன மாதிரிதான்.

மத்தியானம் முழுக்க ஒரே யோசனை. தண்ணீர் உறையும்போது தன்னிடமுள்ள வெப்பத்தை வெளியே விடும். உறைந்துகொண்டே இருக்கும்வரை உள்ளே இருப்பது அதற்குமேல் குளிராது. கல்லூரிப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஒருநாளும் நம்பியதில்லை. பழத்தோட்டக்காரர்கள் பனி ராத்திரியில் மரத்துக்குத் தண்ணீர் தெளிப்பார்கள் என்று எங்கள் மேடம் சொன்னபோது வகுப்பே சிரித்தது, நானும்தான்.

ஒரே நிபந்தனை: நடுவில் நிறுத்தக் கூடாது. பனிக்கட்டி தானாக உருகி விழும்வரை. நிறுத்தினால் ஒன்றும் மிஞ்சாது.

இருட்டும் முன்பே துணிக்கொடிக் கம்பத்தில் ஹோஸைக் கட்டி, முனையில் பூவாளித் தலையை மாட்டித் திறந்துவிட்டேன். மரம் சொட்டச் சொட்ட நிற்கிறது. சரியாத்தான் செய்றேனா? இந்தக் குளிர்ல மரத்தக் குளிப்பாட்டுறவ உலகத்துல வேற யாராவது இருப்பாளா?

டிசம்பர் 18

விடிந்ததும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்கதவைத் திறந்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

மரம் கண்ணாடியாகியிருந்தது. ஒவ்வொரு இலைக்கும் தனித்தனி உறை. உள்ளே நரம்புகூடத் தெரிகிறது. ஒவ்வொரு காயும் ஒரு கண்ணாடி உருண்டைக்குள், பச்சை மாறாமல். அதன்மேல் தண்ணீர் இன்னும் விழுந்துகொண்டே, வழிந்துகொண்டே, உறைந்துகொண்டே. முதல் வெயில் பட்டதும் மரமே பளபளத்தது. எதற்கும் கத்துகிற பாப்பா சத்தமே போடாமல் கையை மட்டும் நீட்டினாள். குளிரையே உடுத்திக்கொண்டு குளிருக்குத் தப்பி நிற்கிறது! இதையா நான் இரண்டு மார்க் கேள்வி என்று நினைத்தேன்?

பக்கவாட்டுக் கேட் படாரென்று திறந்தது. அண்ணி. பனியைப் பற்றிக் கேள்விப்பட்டு ராத்திரி பஸ்ஸே பிடித்து வந்திருக்கிறார். பெட்டியைக் கீழே போட்டார்.

"அடிப்பாவி! மரத்த ஐஸ் பொட்டியில வச்சுட்டியே! மூடு குழாய!"

நான் குழாய்க்கு முன்னால் போய் நின்றேன். "தொடாதீங்க அண்ணி. நிறுத்தினா செத்துடும்."

"ஐஸ் புடிச்சு வெறச்சு நிக்குது, இனிமே எங்க சாகறது?"

"இலை கருகியிருக்கு பாருங்க, அது நான் செஞ்சது. மூடி மூடி வேகவச்சுட்டேன். அதுக்கு எவ்வளவு வேணா திட்டுங்க. இது உருகட்டும். அதுவரைக்கும் குழாய விட மாட்டேன்."

என் குரலா அது? 'சரிங்க அண்ணி' தவிர அவரிடம் நான் பேசியதே கிடையாது. ஏற இறங்கப் பார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்து பாப்பாவை வாங்கிக்கொண்டார். "உனக்குப் பல்லு முளைக்குதோ இல்லியோ, உங்கம்மாவுக்கு வாய் முளைச்சிருச்சுடி."

வெயில் ஏற ஏற ஒவ்வொரு உறையாகச் சறுக்கி விழுந்தது. பாரம் தாங்காமல் ஒரு கொப்பு முறிந்தது. அண்ணி 'ச்ச்' கொட்டினார், எழுந்திருக்கவில்லை. கடைசித் துண்டும் விழுந்த பிறகு நானே குழாயை மூடினேன்.

அண்ணி ஒரு இலையை மெதுவாக மடக்கினார். வளைந்தது, ஒடியவில்லை. ஒரு காயை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார்.

டிசம்பர் 19

அண்ணி இன்று இரண்டு தடவை தோட்டத்துக்கு வந்து காயைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். மரத்தைக்கூடத் திட்டவில்லை.

டிசம்பர் 27

ஏங்க, இந்தப் பக்கத்தைப் படமெடுத்து உங்களுக்கு அனுப்பப் போகிறேன். போனில் சொன்னால் பாதி காற்றில் போய்விடுகிறது.

காய்கள் திடமாக இருக்கின்றன. இன்று பாப்பா ஒற்றைச் சட்டையோடு வெயிலில் தவழ்ந்தாள். அண்ணி பார்த்துக்கொண்டார். நான் பகலில் தூங்கினேன், நம்புவீர்களா?

எல்லா ராத்திரியும் தண்ணீரை ஓட விட முடியாது. இலையில் படாமல் துணி போர்த்த, மரத்தைச் சுற்றி நட்டுவைக்க நாலு கால் வேண்டும். சாயங்காலம் போட்டு, காலையில் எடுத்துவிடுவேன். பரணில் உங்கள் கூடாரக் கம்பிகள் இருக்கின்றன. அறுத்துக்கொள்ளலாமா? "அவன்கிட்ட என்ன கேக்கறது, ரம்பத்த எடு"ன்னு அண்ணி நிக்கறாங்க. நாளை மறுநாள் மறுபடியும் பனியாம். சீக்கிரம் பதில் போடுங்க.