அவுக அடிச்சாக

9-2-1982
அண்ணன் திராட்சைப் பந்தலுக்கு மருந்தடிக்கப் போய்விட்டான். மதினியோடு உட்கார்ந்து மொச்சை உரித்தேன். நாளைக்குக் கோர்ட்டில் என்னை விசாரிக்கிறார்கள். "சேர்ந்து வாழத் தயார், மனைவியை அனுப்பி வையுங்கள்" என்று என் வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அவர் செய்த கொடுமையை நான் நிரூபிக்காவிட்டால் ஜீவனாம்சம் கிடையாது. எங்கள் வக்கீல் சங்கரலிங்கம் சொல்லிவிட்டார். பிறகு எல்லோரும் சேர்ந்து என்னைச் சின்னமனூருக்கே ஏற்றி அனுப்பிவிடுவார்கள்.

போகமாட்டேன். செத்தாலும் அந்த வீட்டுப் படி ஏறமாட்டேன்.

10-2-1982
கூண்டில் ஏறி, "அவுக அடிச்சாக" என்றேன். என் வீட்டுக்காரர் தரப்பு வக்கீல் எழுந்தார். "அடிச்சாகன்னா எத்தன பேரும்மா? ஒரு கூட்டமே வந்துச்சா?" கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட் ஐயாவும் சிரித்தார்.

"எங்க வீட்டுக்காரவுக மட்டுந்தாங்கய்யா" என்றேன். அதையும் இங்கிலீஷில் டைப் அடித்துக்கொண்டார்கள். அறைக்குள் போட்டுப் பூட்டி வைத்ததைச் சொல்ல வாயெடுத்தேன். "சரி சரி, போதும்" என்றார் ஐயா.

புருஷனை வேறே எப்படிச் சொல்வதாம்? பேரைச் சொல்லவா? இந்த ஐயாவின் வீட்டம்மா இவரை எப்படிச் சொல்வார்? அது மட்டும் புரிகிறதாக்கும்!

எனக்கு அடுத்தது கூடலூர் இருளம்மாள். காலையிலிருந்து என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் சூடு போட்ட தழும்பு. அவளுக்கும் அதே சிரிப்புத்தான். "சின்னச் சின்னச் சண்டைக்கெல்லாம் கோர்ட்டுக்கு வரலாமாம்மா?" என்றார் மாஜிஸ்திரேட் ஐயா.

சின்னச் சண்டை! அந்தக் கையைத் தூக்கிப் பார்த்தாரா அந்த மனுஷன்?

3-3-1982
தள்ளுபடி. முதலில் பலர் அடித்ததாகவும், பிறகு கணவர் மட்டுமே அடித்ததாகவும் நான் முன்னுக்குப் பின் முரணாகச் சொன்னேனாம்.

இருளம்மாள் வழக்கும் தள்ளுபடி. அவள் அப்பாவே அவளைப் புருஷனோடு பஸ் ஏற்றிவிட்டார்.

அண்ணன் சொன்னான்: "நீ அழுகாத ஆத்தா. மேல் கோர்ட்டுக்குப் போவோம்." எனக்கு அண்ணன் இருக்கிறான். அவளுக்கு?

17-11-1982
மறுபடி விசாரிக்கச் சொல்லி மேல் கோர்ட்டில் உத்தரவு. அந்த மாஜிஸ்திரேட் மாற்றலாகிவிட்டாராம். எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

8-1-1983
புதிதாக வந்திருப்பது ஒரு அம்மா. கம்பம் கடைத்தெருவில் பார்க்கிறவர்களெல்லாம் இதைத்தான் சொல்கிறார்கள். "பொம்பள ஜட்ஜு வந்திருக்காக, இனி ஒனக்குத்தான் ஜெயம்."

போன வருஷம் ஆம்பளை ஜட்ஜு இருந்தாரே. "அவனுக்குத்தான் ஜெயம்" என்று ஒருத்தராவது சொன்னார்களா? அப்போது மட்டும் அது வெறும் ஜட்ஜு!

19-1-1983
கோர்ட்டில் 'அவன்' என்றே சொல்லச் சொல்லியிருக்கிறார் வக்கீல். அடுப்படியில் சொல்லிப் பார்த்தேன். மதினி கரண்டியை வைத்துவிட்டாள். "என்னதான் இருந்தாலும் தாலி கட்டுனவுகள்ல!"

எனக்கும் நாக்கு புரளவில்லை. இதற்கும் என் மேல்தான் கோபம் வருகிறது.

27-1-1983
மறுபடி 'அவுக அடிச்சாக' என்றே சொல்லித் தொலைத்தேன். அதே வக்கீல், "எத்தன பேரும்மா?" என்றார். பின்னால் சிரிப்புக் கிளம்பியது. அந்த அம்மா சிரிக்கவில்லை. "அவங்க கணவரைத்தான் சொல்றாங்க. அடுத்த கேள்வி கேளுங்க." அவ்வளவுதான். சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

என்னிடமும் கறார்தான். "அழாம பதில் சொல்லுங்க" என்றார். அப்புறம் கேட்டார்: "பூட்டி வச்சாருன்னு மனுவில இருக்கே. அந்த ரூமுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

இதுவரை யாருமே கேட்காத கேள்வி. என் வக்கீல்கூடக் கேட்டதில்லை.

"வெளிய கொண்டிங்கம்மா. உள்ள ஒண்ணுங் கெடையாது."

"முன்னாடியே இருந்ததா?"

"இல்லம்மா. கல்யாணத்துக்குப் பெறகு அவன்தான் ஆசாரியக் கூட்டியாந்து போட்டான்."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அவன். போட்டான்.

22-2-1983
ஜெயித்தாயிற்று. நான் அங்கே போக வேண்டியதில்லை. மதினி பாயசம் வைத்தாள்.

சந்தோஷம்தான். ஆனால் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. அதே வாய், அதே வார்த்தை, அதே சட்டம். மேலே உட்கார்ந்த ஆள் மாறியதும் நான் சொன்னது உண்மையாகிவிட்டது. நாளைக்கு இந்த அம்மாவும் மாற்றலாகிப் போவார். அடுத்து வருகிறவர் சிரிப்பவரா, கேட்பவரா?

13-3-1983
கம்பம் சந்தையில் இருளம்மாளைப் பார்த்தேன். இப்போது இன்னொரு கையிலும் தழும்பு. கொண்டி கதையைச் சொன்னேன். "மறுபடி மனுப் போடு. எங்க வக்கீலையே பார்ப்போம். நான் கூட வாரேன்" என்றேன். என் கையை இறுக்கிப் பிடித்தவள் சட்டென்று விட்டாள். முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள்.

"அவுக வாராக" என்று சொல்லிக் கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

திரும்பிப் பார்த்தேன். ஒருத்தன்தான் வந்தான்.