சித்தியிடம் அந்தப் பூச்சியைக் கேள்

அன்புள்ள மக்குக்கு,

சித்தப்பா எழுதுவது. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும், எனக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்தத் தடவை பேனா அந்த இடத்தில் வந்து நின்றுவிட்டது. உன் சித்தி சுகமாக இல்லை. இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். வீட்டில் போனை எடுத்தால் அவள் காது சமையலறையிலிருந்தே நீண்டு வருகிறது, அதுவும் போக, பேச ஆரம்பித்தால் என் வாய் தன் வேலையைக் காட்டிவிடும், உனக்குத் தெரியாததா. எழுதும்போது கை மெதுவாகப் போவதால் கதை கட்டத் தோதாக இல்லை. அதனால்தான் கடையில் உட்கார்ந்து எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், நான் படித்த காலத்தில் இந்தக் கையெழுத்தின் அழகு தாங்காமல்தான் வாத்தியார் வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்.

விஷயத்துக்கு வருகிறேன். சித்திக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது, மாத்திரை போட்டால் போகும், மறுபடி வரும். சட்டை கொடியில் காய்கிற மாதிரி உடம்பில் தொங்குகிறது. இடது விலாவுக்குக் கீழே கல் வைத்த மாதிரி வீக்கம். இழுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் காட்டினேன், ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்ன பெயரை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். உன் ஒட்டுண்ணிதான் மக்கு. நம் பக்கத்தில் வருகிற காய்ச்சல் என்றுதானே நீ அதையே எடுத்துப் படித்தாய், மணல் ஈ கடித்து வருமே, அதே. டாக்டரிடம் நான் விடவில்லை, அதற்குள்ளே ஆயிரக்கணக்கான வளையம் ஒன்றுக்குள் ஒன்று கோத்துச் சங்கிலி மாதிரி இருக்கும், குட்டி போட வேண்டுமென்றால் ஒவ்வொரு வளையமாகத் திறந்து மூட வேண்டும், அதற்கென்று ஒரு நொதி இருக்கிறது, அந்த நொதியை வளையம் திறந்திருக்கும்போதே இறுக்கிப் பிடித்தால் ஆள் காலி என்று நீ சொன்னதை அப்படியே எடுத்துவிட்டேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தன் நாற்காலியை எனக்குப் போட்டார், சார் எங்கே படிச்சீங்க என்று கேட்டார். ஷட்டர் மெக்கானிக்குக்குச் சங்கிலி சொந்தக்காரன் மாதிரி சார் என்றேன். அப்புறம் அவர் சொன்னதில்தான் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. மருந்து அங்கேயே இருக்கிறதாம், நரம்பு வழியாக ஏற்றுவார்களாம், பெரும்பாலும் குணமாகிவிடுமாம். ஆனால் ரத்தம் ரொம்ப இறங்கிவிட்டது, இந்த வாரமே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், இன்னும் தள்ளிப்போட்டால் அப்புறம் என்னைக் கேட்காதீர்கள் என்றார்.

சித்தி சேர மாட்டேன் என்கிறாள். எம்பொண்ணு மருந்து வரட்டும், அதுதான் போட்டுக்குவேன் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். இந்த மருந்துக் கதை அவளுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று நீ கேட்க வேண்டாம், இந்த வட்டாரத்தில் நான் பழுது பார்த்த ஒவ்வொரு ஷட்டரோடும் சேர்த்துத் தூக்கிவிட்டது அந்த மருந்தைத்தான். நீ அந்த நொதியை இறுக்குகிற ஒன்றைக் கண்ணாடித் தட்டில் போட்டதும் ஒட்டுண்ணி செத்தது என்று மட்டும்தான் சொன்னாய். அதை நான் எலிக்குப் போட்டேன், எலியிலிருந்து குரங்குக்குப் போட்டேன், பாட்டிலில் அடைத்தேன், உன் பெயர் அச்சடித்த சீட்டை ஒட்டி விமானத்தில் ஏற்றினேன். மருந்துக்கடைக்காரர்கூட நான் போகும்போதெல்லாம் என்ன மெக்கானிக், உங்க விமானம் இன்னும் இறங்கலையா, மேலயே சுத்துதா என்று கேட்பார், நானும் கூடவே சிரிப்பேன். இப்போது அந்தப் பக்கமே போவதில்லை.

முந்தாநாள் அவளை உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன், பாட்டிலும் இல்லை, விமானமும் இல்லை, எல்லாம் என் அளப்பு, மருந்தாக வர இன்னும் பத்து வருஷம் ஆகுமோ என்னவோ, வராமலே போனாலும் போகலாம் என்று. அவள், ஆஸ்பத்திரிக்கு அனுப்பறதுக்காக நல்லாத்தான் கதை கட்டுறீங்க, போங்க என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். நான் அளந்ததையெல்லாம் நம்பினவள் மக்கு, நான் சொன்ன ஒரே நிஜத்தை நம்பவில்லை. நீயும்தான் முன்னொரு தடவை அவளிடம், அது இன்னும் மருந்தே இல்ல சித்தி என்று சொன்னாய். அதற்கு அவள் என்னிடம் சொன்னது என்ன தெரியுமா, வகுப்புல முதலா வந்துட்டு ஏதோ பாஸ் பண்ணேன்னு சொல்ற பிள்ளைதானே, அவ பேச்சை யாரு நம்புவா. என் பேச்சும் எடுபடவில்லை, உன் பேச்சும் எடுபடவில்லை. நேற்று கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், கடைசியில் அழுதும் பார்த்தேன். அவள் சொல்கிறாள், ராத்திரி பகல்னு பாக்காம உழைச்ச பிள்ளை, முதல் ஊசியை எனக்குப் போட்டுப் பாக்காம வேற யாருக்குப் போடுவா, நான் வேற மருந்துல எழுந்து நடந்தா நாலு பேரு அவளைப் பாத்துத்தானே சிரிப்பாங்க என்று. உன்னை அவள் பெறவில்லை என்பதை இந்த வீட்டில் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை, அவளும்தான்.

முதலில் உன்னை ஒரு பொய் சொல்லச் சொல்லலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆஸ்பத்திரியில் இருப்பது என் மருந்துதான் சித்தி என்று ஒரே ஒரு பொய். உன்னிடம் சரக்கு இல்லாவிட்டால் என்னிடம் இருப்பதில் எடுத்துக்கொள். ஆனால் உனக்கு அது வராது, இரண்டாவது வார்த்தையிலேயே குரல் உடைந்து அவள் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் வேறொன்று யோசித்திருக்கிறேன். சேர்த்ததும் எலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை கொஞ்சம் எடுத்து, ஒட்டுண்ணி எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்களாம். நோயாளிகளிடம் எடுக்கிற ஒட்டுண்ணியை வளர்த்துத்தான் அதன் மரபணுவைப் படிக்கிறேன் என்று நீ சொல்லியிருக்கிறாய் அல்லவா, அதை நான் மறக்கவில்லை. அவளிடம் கேள். சித்தி, உங்க உடம்புல இருக்கற பூச்சி என் வேலைக்கு வேணும், எடுத்த கையோட இருக்கற மருந்தைப் போட்டுக்குங்க, எனக்காக எழுந்து வாங்க என்று கேள். ஊசியைப் போட்டுக்கொள் என்றால் அவள் மாட்டாள். உனக்கு வேண்டும் என்று கேட்டால் அவள் கொடுக்காதது எதுவும் இல்லை. வாங்கி அனுப்ப என்னென்ன அனுமதி வேண்டுமோ, டாக்டரிடம் நீயே பேசு, அந்தப் பேச்சில் நான் வாயைத் திறக்க மாட்டேன், நீ கேட்டது நிஜமாகவே இருக்கட்டும்.

இதைப் படித்ததும் கூப்பிடு மக்கு. என் போனுக்கு வேண்டாம், அவள் போனுக்கு. பொழுது விடிந்தால் தெளிவாக இருக்கிறாள், வெயில் ஏற ஏறக் கண் செருகிவிடுகிறது. கடை வண்டியிலிருந்த ஸ்பிரிங், சங்கிலி எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் பின்னால் மெத்தை விரித்து வாசலில் நிறுத்தியிருக்கிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும், கை வைத்த வேலையெல்லாம் விளங்க வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள், வெறும் வயிற்றோடு ஆய்வகத்துக்குள் போகாதே.

என்றும் உன் நலம் நாடும்,
சித்தப்பா

பி.கு. டாக்டர் எனக்கு நாற்காலி போட்டார் என்று மேலே எழுதியது பொய். நின்றுகொண்டுதான் இருந்தேன், சங்கிலி பற்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றதெல்லாம் நிஜம்.